எஸ்எம்சி தலைவியாக இருக்கச் சொல்கிறார்கள், ஒத்துக்கொள்ளலாமா?

கேட்டிருப்பவர் மண்டபம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். மகன் ஏழாம் வகுப்பு, மகள் மூன்றாம் வகுப்பு, இருவரும் உள்ளூர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில். கணவர் விசைப்படகில் போகிறார். இவர் எட்டாவது வரை படித்தவர், கடலில் பாசி எடுக்கப் போகிறார். தலைமை ஆசிரியர் கூப்பிட்டு, எஸ்எம்சி என்கிற பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியாக இருக்கச் சொல்லியிருக்கிறார். வீட்டில் மாமியார், “கையெழுத்துப் போட்டா நாளைக்குக் கோர்ட்டு கேசுன்னு இழுப்பாக” என்கிறாராம். சேரலாமா, சேர்ந்தால் பிள்ளைகள் படிப்புக்கு ஏதும் நன்மை உண்டா என்று கேட்கிறார். நடுவில் ஒரே ஒரு வரி: “எதையாவது கேட்டா சார் டீச்சருக என் பிள்ளைக மேல கோபத்தக் காட்டிருவாகளோன்னு பயமா இருக்கு.” இந்த ஒரு வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. பயிற்சிக் கூட்டங்களிலும் பெண்கள் இதை எல்லோர் முன்னாலும் கேட்க மாட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பார்கள்.

நான் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். மண்டபம், திருப்புல்லாணி, திருவாடானை ஒன்றியங்களின் கரையோரப் பள்ளிகளில் இந்தக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்தது என் வேலையில் ஒரு பகுதி. நான் சொல்வது அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்குப் பொருந்தும். சுயநிதி மெட்ரிக் பள்ளிகளுக்குச் சட்டப்படி இந்தக் குழுவே கிடையாது. அங்கே பிள்ளையைச் சேர்த்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போய்ச் சண்டை போட வேண்டாம்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயங்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுதான் இந்தக் குழுவுக்கு அடிப்படை. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் தலைவர் பதவி அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாய்க்கு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குழு மாற்றி அமைக்கப்படும். உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் உண்டு, 2024இல் மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று கவனிப்பது ஆகியவை குழுவின் வேலைகள். பெற்றோர் ஆசிரியர் கழகம் இதற்கு ரொம்ப முந்தைய அமைப்பு, சந்தா கட்டி நடப்பது, தனிக் கணக்கு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் தலைமை ஆசிரியர்களே இருக்கிறார்கள், ஆகவே நீங்கள் குழம்பினால் தப்பில்லை.

தலைவி என்பவரைப் பெற்றோர் கூட்டத்தில் பெற்றோரே தேர்ந்தெடுக்க வேண்டும். உங்களைப் பெரிய சார் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார் என்றால், பல பள்ளிகளில் நடப்பதுதான் உங்கள் ஊரிலும் நடக்கிறது. பட்டியல் முன்கூட்டியே தயாராகிவிடும், கூட்டத்தில் கைதட்டி முடிப்பார்கள். இதற்காக அவரை உடனே சந்தேகப்பட வேண்டாம். 2022 மார்ச் 20 அன்று மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளில் ஒரே நாளில் பெற்றோர் கூட்டம் நடந்தபோது, கடலோரப் பள்ளிகள் சிலவற்றில் தலைவியாக இருக்க ஒருவரும் முன்வராமல் ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய்க் கெஞ்சியதும் உண்டு. ஆனாலும் கூட்டத்தில் உங்கள் பெயரை வேறொரு தாய் முன்மொழியட்டும், நாலு பேர் ஆமாம் என்று சொல்லட்டும். பெரிய சார் போட்ட தலைவி என்ற பெயரோடு ஆரம்பித்தால் பிறகு ஊர்ப் பெண்களே உங்களிடம் மனம் விட்டுப் பேச மாட்டார்கள்.

மாமியார் சொல்லும் கையெழுத்துப் பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. குழுவின் வங்கிக் கணக்கு தலைமை ஆசிரியர், தலைவி இருவர் பெயரிலும் இருக்கும். ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து தரும் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பிள்ளைகளுக்கு மேல் 100 வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய், 250 வரை என்றால் 50,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்காவது சுத்தம் சுகாதாரத்துக்குப் போக வேண்டும். ஒன்றிய அரசு சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் நிதியை நிறுத்தி வைத்த 2024-25 போன்ற ஆண்டுகளில் அதற்கும் தட்டுப்பாடுதான். ஆக, இது பெரிய பணம் அல்ல. யாரும் உங்களைக் கோர்ட்டுக்கு இழுக்கப் போவதில்லை, எழுதாத தாளில் கையெழுத்துப் போடாத வரை. நான் பார்த்த வில்லங்கங்களில் முக்கால்வாசி இப்படி வந்தவைதான். கூட்டம் முடியும் நேரத்தில் தீர்மானப் பதிவேட்டை நீட்டுவார்கள். மேலே இரண்டு வரி எழுதியிருக்கும், கீழே பாதிப் பக்கம் காலி, அதற்கும் கீழே கையெழுத்துக்குக் கோடு போட்டிருக்கும். “நேரமாச்சு, போட்டுட்டுப் போங்க, அப்புறம் எழுதிக்கிறோம்.” கெட்ட எண்ணமே இல்லாமல் சொல்வார்கள், அவர்களுக்கும் ஆறு மணிக்குள் செயலியில் ஏற்ற வேண்டிய அவசரம். நீங்கள் செய்ய வேண்டியது, தீர்மானத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்வது, கடைசி வரிக்குக் கீழே குறுக்குக் கோடு போடச் சொல்வது, அப்புறம் கையெழுத்து. காசோலையும் அப்படியே. தொகை எழுதாத காசோலையில் கையெழுத்து கூடாது. எட்டாவது படித்திருக்கிறீர்கள், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தாலே இதற்குப் போதும். மாதம் ஒருமுறை பாஸ்புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை மட்டும் இல்லை, சட்டம் உங்களுக்குக் கொடுத்த வேலையே அதுதான்.

குழுவால் முடியாததையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியரை மாற்ற முடியாது, சஸ்பெண்ட் செய்ய முடியாது. மேலிடத்துக்குத் தீர்மானம் அனுப்பலாம், அவ்வளவுதான். 2022 ஜூலையில் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்கும் பொறுப்பை அரசு இந்தக் குழுக்களிடம் கொடுத்தது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய் என்று ஆரம்பித்துப் பிறகு கூட்டினார்கள். அந்த மாதம் எங்கள் பக்கத்துத் தலைவிகள் பட்ட பாடு கொஞ்சமில்லை. தெருவில் நடக்க முடியாது, “என் கொழுந்தன் மக பிஎட் முடிச்சிருக்கா, நீ சொன்னா நடக்கும்” என்று ஒவ்வொரு வாசலிலும் ஒருவர். பதவி என்று வந்தால் இதுவும் சேர்ந்துதான் வரும்.

உங்கள் ஊரில் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். நம் கரையில் பங்குக் கோவில்களும் ஜமாஅத்துகளும் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளிகள் நிறைய. 2012இல் சட்டத்தைத் திருத்தியபோது, சிறுபான்மைப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் இந்தக் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம் என்று ஆக்கிவிட்டார்கள். உங்களுடையது ஒன்றியப் பள்ளி என்பதால் உங்களுக்கு முழு அதிகாரம் உண்டு. பக்கத்துத் தெருவில் ஆர்.சி. பள்ளியில் பிள்ளையைப் போட்டிருக்கும் உங்கள் நாத்தனாருக்கு நான் இதே பதிலைச் சொல்ல மாட்டேன்.

இனி, பிள்ளைக்கு நன்மை உண்டா என்பது. இங்கேதான் நிச்சயத்தையும் நம்பிக்கையையும் பிரித்து வைக்க வேண்டியிருக்கிறது. குழு நன்றாக நடந்தால் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள் என்று பயிற்சிக் கையேட்டில் அச்சடித்திருப்போம், நானே பலமுறை மேடையில் வாசித்திருக்கிறேன். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. உத்தரப் பிரதேசத்தில் ஜான்பூர் மாவட்டத்தில், பிரதம் என்ற தொண்டு அமைப்போடு சேர்ந்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலான பொருளாதார அறிஞர்கள் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. சில ஊர்களில் கல்விக் குழுவின் உரிமைகள் என்னென்ன என்று மக்களுக்கு விளக்கினார்கள். சில ஊர்களில் பிள்ளைகளின் வாசிப்பைப் பெற்றோரே சோதித்துப் பார்க்கவும் கற்றுக்கொடுத்தார்கள். இன்னும் சில ஊர்களில் இவற்றோடு சேர்த்து, உள்ளூர் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, பள்ளி நேரத்துக்குப் பிறகு வாசிப்பு வகுப்பு நடத்தவைத்தார்கள். உரிமையை விளக்கிய ஊர்களில் குழுவும் மாறவில்லை, பள்ளியும் மாறவில்லை. வாசிப்பு வகுப்புக்கு வந்த பிள்ளைகள் மட்டும் கண்கூடாக முன்னேறினார்கள். கூட்டத்துக்கு வராத மக்கள், பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டால் வந்தார்கள் என்பதுதான் அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த செய்தி. இதே விஷயம் நம் மாநிலத்திலும் தெரிந்தது. கொரோனாவுக்குப் பின் 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தெருவுக்கு ஒரு பெண் மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்தார். பள்ளி மூடியிருந்தபோது தமிழ்நாட்டுக் கிராமத்துப் பிள்ளைகள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீட்டுவிட்டார்கள் என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரன் குழுவினரின் ஆய்வு கணக்கிட்டது.

ஆகவே, நீங்கள் தலைவியானதால் உங்கள் மகன் கணக்கில் தேறுவான் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். சாயங்காலம் மகளை உட்காரவைத்து ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டீர்கள் என்றால், அவளுக்கு அதனால் கிடைக்கும் பலன் நிச்சயம் அதிகம். அதற்குப் பதவி வேண்டாம். பள்ளிக்கு அடிக்கடி வரும் பெற்றோரின் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்பது எல்லா ஆசிரியரும் சொல்வதுதான். ஆனால் வர வசதியும் தைரியமும் உள்ள வீடு என்பதாலேயே பிள்ளை நன்றாகப் படிக்கிறதா, வருவதால் படிக்கிறதா என்று பிரித்துச் சொல்வது லேசில்லை.

பிறகு எதற்காகச் சேர வேண்டும் என்றால், என் பதில் இது. ஆசிரியரால் செய்ய முடியாத வேலைகள் பள்ளிக் கேட்டுக்கு வெளியே இருக்கின்றன, அவற்றைச் செய்ய ஊருக்குள் ஆள் வேண்டும். நம் கரையில் அப்படிப்பட்ட வேலைகளில் முதலாவது, பள்ளிக்கு வராத பிள்ளை. ஒரு பையன் எட்டாம் வகுப்பில் திங்கள், புதன் வராமல் மற்ற நாள் வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து பேருந்தில் வரும் ஆசிரியைக்கு அது வெறும் ஒழுங்கீனம். உங்களுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும், அவை விசைப்படகு டோக்கன் (மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு) போட்டுக் கடலுக்குப் போகும் நாட்கள், பையன் படகுக்குப் போகிறான் அல்லது ஏலக்கூடத்தில் கூடை தூக்குகிறான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மட்டும் காணாமல் போகிற ஐந்தாம் வகுப்புப் பெண் யார் வீட்டுக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதும், அந்தத் தாய் உங்களோடு அதே தண்ணீரில் பாசி எடுத்துக்கொண்டிருப்பதால், உங்களுக்குத் தெரியும். இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போன வாரம் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தப் பையனைக் கேரளாவுக்கு வேலைக்கு அனுப்பப் பேச்சு நடக்கிறது என்பதெல்லாம் வருகைப் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று ஒரே மாதிரிதான் பதிவாகும். அதைப் படித்துச் சொல்ல உள்ளூர்க் கண் வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போக வேண்டிய கட்டத்தில்தான் எங்கள் பக்கம் பையன்கள் கடலுக்கும் பெண்கள் கல்யாணத்துக்கும் போவார்கள். எட்டு முடித்த பிள்ளைகளின் பட்டியலை ஜூன் மாதத்தில் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் எங்கே சேர்ந்தார்கள் என்று ஒரு தலைவி கேட்டுவந்தால் போதும். வேறு எதுவும் செய்யாவிட்டாலும் அந்த ஆண்டு அவர் சும்மா இருக்கவில்லை என்பேன்.

இரண்டாவது, கட்டடம். உப்புக்காற்று நம் பள்ளிகளை என்ன செய்கிறது என்று சென்னையில் மதிப்பீடு போடுகிறவர்களுக்குத் தெரியாது. கூரைக் கம்பி துருவேறி வீங்கி, பூச்சு பெயர்ந்து விழுவது ஒரு பக்கம். சின்ன விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கான கழிப்பறை புதிது, தண்ணீரும் வந்தது, ஆனாலும் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருந்தார்கள். ஆய்வுக்கு வந்தவர்கள் எல்லோரும் பயன்பாட்டில் உள்ளது என்று எழுதிவிட்டுப் போனார்கள், நானும் கதவைத் திறந்து பார்த்தேன், மூடிப் பார்க்கவில்லை. எஸ்எம்சியில் இருந்த ஒரு தாய்தான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். இரும்புத் தாழ்ப்பாள் துருவேறி, சட்டத்திலேயே ஒட்டிப்போய் அசையவில்லை. ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொரு பிள்ளை வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், பிடித்துக்கொள்ளத் தோழி இல்லாதவள் போக மாட்டாள். தாழ்ப்பாள் மாற்ற ஒன்றிய அலுவலகத்துக்கு எழுதினால் மதிப்பீடு, ஒப்புதல் என்று மழைக்காலம் வந்துவிடும். அந்தத் தாயின் தம்பி படகு வேலை செய்யும் ஆசாரி. படகுக்குப் போடும் துருப்பிடிக்காத எஃகுத் தாழ்ப்பாளையும் திருகாணியையும் கொண்டுவந்து, ஒரு சனிக்கிழமை எல்லாக் கதவுக்கும் போட்டுக் கொடுத்தார். மானியத்தில் சுகாதாரத்துக்கான பங்கிலிருந்து பொருளுக்குப் பணம் எடுத்து, பில்லோடு தீர்மானத்திலும் ஏற்றினார்கள். இதை ஒரு ஆசிரியர் கண்டுபிடித்திருக்கலாம்தான். கண்டுபிடிக்கவில்லை.

பெரிய வேலைகள் இப்படி முடியாது. சுற்றுச்சுவர், வகுப்பறை, குடிநீர்க் குழாய் என்றால் ஒன்றியப் பள்ளிக் கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது, வட்டார வளர்ச்சி அலுவலர் வரை போக வேண்டும். அதற்கு எஸ்எம்சி தீர்மானம் மட்டும் போதுமா என்றால், பல நேரம் கோப்பில் தூங்கிவிடும். அதே கோரிக்கை கிராம சபையிலும் தீர்மானமானால் வலு கூடும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இருந்த கிராம சபை நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் 2022 முதல் சேர்த்தார்கள். ஆக ஆண்டுக்கு ஆறு வாய்ப்பு. நம் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர் கைக்குப் போனது. தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை கூடும், அப்போது எழுத்தில் கொடுப்பது இன்னும் முக்கியம், ஏனென்றால் அதிகாரி மாறினாலும் தாள் இருக்கும். தீர்மான எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், கைப்பேசியில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர்க் கூட்டத்துக்குப் போக வேண்டி வந்தால், ஆண்கள் கடலில் இருப்பார்கள். பெண்கள் நாலு பேர் சேர்ந்து ராமநாதபுரம் போய்வருவதுதான் நடைமுறை, அதில் ஒன்றும் குறைவில்லை. மனுவோடு கிராம சபைத் தீர்மான எண்ணும் இருந்தால் உங்களைத் திருப்பி அனுப்புவது சிரமம்.

ஊர்க் கமிட்டியை மறந்துவிடாதீர்கள். நம் கரையில் சட்டப்படியான குழுக்களைவிடக் கோவில், பள்ளிவாசல், பங்குக் கமிட்டிகளுக்குத்தான் நடைமுறைப் பலம். அவர்களிடம் காசு இருக்கிறது, ஆள் இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது. “நாளைக்குப் பள்ளிக்கூடத்துல கூட்டம், எல்லாத் தாய்மாரும் வரணும்” என்று அந்த ஒலிபெருக்கியில் ஒரு வரி சொன்னால் வரும் கூட்டம், பிள்ளை கையில் கொடுத்துவிடும் சீட்டுக்கு வராது. 1950களின் கடைசியில் காமராசர் முதல்வராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி, ஊராரிடமிருந்தே பெஞ்சும் கட்டடமும் இடமும் பெற்றார்கள். கொடுக்கும் பழக்கம் நம் மக்களுக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு எச்சரிக்கை. ஊர்ப் பணம் பள்ளிக்கு வந்தால் பள்ளிக்குள் ஊர் அரசியலும் வரும். பணம் கொடுத்தவர் மேடையில் நாற்காலி கேட்பார், அடுத்து சத்துணவுக்கூடத்தில் யாரை வேலைக்கு வைப்பது என்று பேசுவார். பொருளாகவோ வேலையாகவோ வாங்குங்கள், ரொக்கமாக வாங்காதீர்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம். இதைச் சட்டம் சொல்லவில்லை.

கூட்டத்துக்கு நேரம் வாய்க்குமா என்ற கவலை உங்கள் கேள்வியில் நேரடியாக இல்லை, ஆனால் பிறகு வரும். எங்கள் பக்கம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்கு வைக்கிறார்கள். மறுநாள் சனி காலை டோக்கன் என்பதால் விசைப்படகுக்காரர்கள் அன்று கரையில் இருப்பார்கள், உங்கள் கணவரால் வர முடியும். பாசிக்குப் போகிறவர்களும் பெரும்பாலும் மதியத்துக்குள் கரையேறிவிடுவீர்கள். நாட்டுப்படகுக்காரர்கள் வீட்டிலிருந்துதான் ஆள் வராது. தடைக்காலத்தைப் பாருங்கள், வேடிக்கை புரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. தகப்பன்மார் கரையில் ஓய்ந்திருக்கும் அந்தக் காலத்தில் பெரும்பகுதி பள்ளிக்குக் கோடை விடுமுறை. இரண்டும் சேர்ந்து கிடைப்பது ஏப்ரல் கடைசிச் சில நாட்களும், பள்ளி திறந்த பிறகு ஜூன் முதல் பாதியும்தான். தகப்பன்களைக் கூப்பிட வேண்டிய கூட்டம், மரவேலை, பெயின்ட் வேலை எல்லாவற்றையும் அந்த ஜூன் நாட்களில் வையுங்கள். பெரிய சார் வெளியூர்க்காரர் என்றால் இந்தக் கணக்கை அவருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பயத்துக்கு வருகிறேன். ஆசிரியர்கள் பிள்ளை மேல் கோபத்தைக் காட்டுவார்களா? அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டவை, அதில் ஐயமில்லை. சட்டம் தடுக்காத சின்னச் சின்ன வழிகள் உண்டு, அதையும் மறைக்க மாட்டேன். “உங்க அம்மாதான் தலைவியாச்சே” என்று வகுப்பில் ஒரு குத்தல், அவ்வளவுதான், ஆனால் பிள்ளை இரவில் சாப்பிடாது. நான் பார்த்தவரை இது நடந்ததெல்லாம், தாய் தன் பிள்ளையின் விஷயத்தைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் ஆசிரியர் பெயரைச் சொல்லிப் பேசிய இடங்களில்தான். ஆகவே உங்கள் பிள்ளைகளைப் பற்றிய குறையை வகுப்பாசிரியரிடம் தனியாகப் பேசுங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானதைக் கூட்டத்தில் பேசுங்கள். ஆள் பெயரைச் சொல்லாமல் விஷயத்தைச் சொல்லுங்கள், கூடவே இன்னும் இரண்டு தாய்மார் பேசட்டும். ஒருவர் கேட்டால் கோபம் ஒருவர் மேல் வரும், ஐந்து பேர் கேட்டால் அது பள்ளியின் வேலையாகிவிடும். எல்லாம் பேசியும் பிள்ளைக்குத் தொந்தரவு என்றால் 14417 என்ற கல்வித் துறை உதவி எண் இருக்கிறது. பிள்ளையின் உடலைத் தொட்ட விஷயம் என்றால் கூட்டம், தீர்மானம், ஊர்க் கமிட்டி எதற்கும் காத்திருக்கக் கூடாது, நேரே 1098, குழந்தைகள் உதவி எண். ஊர் மானம் போய்விடும் என்று அதைப் பேசி முடிக்கப் பார்ப்பவர்கள் எந்தக் கமிட்டியிலும் இருப்பார்கள்.

தன்னார்வம் என்ற பெயரில் உங்களை என்ன வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்பதிலும் கவனம் வேண்டும். ஆசிரியர் வராத வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் ஒரு நாள் சரி, வாரக்கணக்கில் என்றால் அது காலிப் பணியிடத்தை உங்களை வைத்து மறைப்பது. கூட்டிப் பெருக்கச் சொன்னால், அதற்கு ஆள் வைக்கத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு, சமைப்பவர் பெரும்பாலும் அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் மகளிர் குழுப் பெண்தான். அவரோடு நல்ல உறவு வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்கு எத்தனை பிள்ளைகள் காலையில் வருகிறார்கள் என்ற நிஜக் கணக்கு அவருடைய பாத்திரத்தில் இருக்கும். ஒரு நாள் போய்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பாருங்கள், முன்கூட்டிச் சொல்லாமல். பிள்ளைகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

கடைசியாக, நடைமுறை விஷயம் ஒன்று. ஒத்துக்கொண்டால் முதல் கூட்டத்தில் எதையும் மாற்றப் பார்க்காதீர்கள். போன இரண்டு ஆண்டுத் தீர்மானங்களை வாசிக்கச் சொல்லி, நிறைவேறாதது எது என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, அடுத்த கூட்டத்துக்குள் முடிக்கப் பாருங்கள். உங்கள் மகன் அடுத்த ஆண்டு எட்டு முடித்து உயர்நிலைப் பள்ளிக்குப் போனாலும், மகள் இங்கேயே படிப்பதால் பொறுப்பில் நீங்கள் தொடரலாம். மகன் போகும் பள்ளிக்குத் தனிக் குழு இருக்கும், அங்கே நீங்கள் எல்லோரையும் போல ஒரு தாய்தான். இரண்டு இடத்திலும் தலையைக் கொடுக்க வேண்டாம்.